மவுண்ட் ரோடு நடை: மன்றோ சிலையிலிருந்து ஸ்பென்சர் வரை

மவுண்ட் ரோடு என்ற பழைய பெயர் கொண்ட அண்ணா சாலை மொத்தம் 15 கிலோமீட்டருக்குப் பக்கம். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே கூவம் ஆற்றை ஒட்டித் தொடங்கி கிண்டி கத்திப்பாராவில் முடிகிறது. இந்தத் தொடரில் நடக்கப்போவது முதல் 3 கிலோமீட்டர் மட்டும். சென்னையின் பழைய கடைத்தெரு என்று சொல்லத்தக்க பகுதி அதுதான். ஒரே மூச்சில் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் ஒன்றும் கண்ணில் படாது. அதனால் தினம் ஒரு துண்டு.

முகப்புகளைப் பார்க்க ஞாயிறு காலை 6 முதல் 8 மணி வரை நல்லது. பஸ்கள் குறைவு, எதிர்ப் பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்க்க இடம் கிடைக்கும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவற்றுக்கு வேலைநாள் தேவை. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று மூன்று மெட்ரோ நிலையங்கள் இதே வழியில் இருப்பதால் வண்டி எடுத்து வந்து நிறுத்த இடம் தேட வேண்டாம்.

முதல் நாள்: மன்றோ சிலை, சிம்ப்சன், அரசினர் தோட்டம்

தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பழைய மெட்ராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோவிலிருந்து தொடங்கலாம். பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த சிலை, 1839-ல் நிறுவியது. சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை என்பதை எல்லாரும் சொல்வார்கள். இந்த நடைக்கு அதைவிட முக்கியம் சிலை நிற்கும் இடம். கோட்டையை விட்டு வெளியேறும் வண்டிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் தெற்கே போயின. வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் தோட்ட வீடுகளில் குடியிருந்தார்கள், வேலை கோட்டையில். காலையும் மாலையும் கோச்சு வண்டிகள் போய்வரும் பாதையில் கடை போட்டால் வாங்கக்கூடியவர்கள் தாமாக வாசலில் வந்து நிற்பார்கள். ஜார்ஜ் டவுனில் மொத்த வியாபாரம், மவுண்ட் ரோட்டில் சில்லறையும் சொகுசும் என்ற பிரிவு இப்படித்தான் வந்தது.

ஆற்றைக் கடந்து பெரியார் சிலையை அடைந்ததும் சிம்ப்சன். 1840-ல் கோச்சு வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியது. 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். பிறகு எஸ். அனந்தராமகிருஷ்ணன் கைக்கு வந்து அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் தாய்க் கம்பெனி ஆனது. கோச்சு கட்டத் தெரிந்தவர்களிடம் மரவேலை, இரும்புவேலை, தோல்வேலை, வண்ணப் பூச்சு நான்கும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கார் வந்தபோது சேசிஸை (அடிச்சட்டத்தை) இறக்குமதி செய்து மேல்கூட்டை இங்கேயே கட்டிவிட முடிந்தது. அவர்களுடைய கட்டடங்களும் அதற்கு ஒத்துழைத்தன. கோச்சு நுழைய அகலமான, உயரமான வளைவு வாசல் வேண்டும். நடுவே தூண் இல்லாத கூடம் வேண்டும். தரை சாலை மட்டத்தில் இருக்க வேண்டும். கார் ஷோரூமுக்கும் இதே மூன்றும்தான் தேவை. எதையும் இடிக்காமல் தொழில் மாறியது. மவுண்ட் ரோடு பின்னாளில் மோட்டார் ரோடாகவே ஆனதற்கும், பக்கத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்றும் கார் சாமான் கடைகள் வரிசையாக இருப்பதற்கும் வேர் இங்கே இருக்கிறது.

இதே சுற்றில் 1906-ல் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் நடத்திய ஓட்டல் இருந்தது. 1910-ல் தீவுத்திடலில் விமானம் ஓட்டிக் காட்டியவர் அவர், அந்த விமானத்தைக் கட்டித் தந்ததும் சிம்ப்சன் பட்டறை. ஓட்டல் பின்பு பொசோட்டோ, அதன்பின் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறியது. கடைசிக் காலத்தில் கீழ்த்தளத்தில் மட்டும் கடைகள் இருந்தன, மாடி காலி. இந்தச் சாலையின் கட்டடங்கள் எப்படிச் சாகின்றன என்பதற்கு இது முதல் பாடம். கீழே எவ்வளவு வாடகை வந்தாலும், மாடியில் ஆள் புழக்கம் நின்றுவிட்டால் கூரை ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் நாளில் இதற்குத் திரும்பி வருவோம்.

எதிர்ப் பக்கம் அரசினர் தோட்டம். உள்ளே ராஜாஜி மண்டபம், 1802-ல் முடிந்தது. வரைந்தவர் ஜான் கோல்டிங்ஹாம், வானியல் ஆய்வகத்துக்காரர். பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் இரண்டு வெற்றிகளின் நினைவாக எழுந்த விருந்து மண்டபம் அது. பக்கத்தில் இருந்த கவர்னர் மாளிகை புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. வளாகம் 2010 மார்ச்சில் திறந்தது, 2014-ல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. சபை கூட்டுவதற்காக வட்டங்களாக வரைந்த கட்டடத்தில் நோயாளிகளைப் படுக்க வைக்க, ஒவ்வொரு அறைக்கும் குழாய், கழிவுநீர், மருத்துவ வாயு எல்லாவற்றையும் புதிதாக இழுக்க வேண்டும். ஆனாலும் கட்டடம் இன்று முழுதாகப் புழங்குகிறது. போன மாளிகைதான் திரும்பாது. மருத்துவமனை வளாகத்துக்குள் படம் எடுக்காதீர்கள், அகலப் படிக்கட்டு சாலைப் பக்கத்திலிருந்தே தெரியும் அளவு பார்த்தால் போதும்.

இரண்டாம் நாள்: பத்திரிகை, தபால், தியேட்டர்

அரசினர் தோட்டத்துக்கு எதிரே தி இந்துவின் கஸ்தூரி கட்டடம், 1939. பத்திரிகை தொடங்கியது 1878-ல், மவுண்ட் ரோட்டுக்கு வந்தது 1883-ல். 1939 கட்டடத்தில் கோபுரம், குவிமாடம், கொடி வேலை எதுவும் கிடையாது. கிடைமட்டக் கோடுகள், வளைந்த மூலைகள், ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் நிழல்தட்டிகள். செங்கல்லும் சுண்ணாம்பும் போய் கான்கிரீட் வந்ததும் சாலையின் முகம் எப்படி மாறியது என்பதை இங்கே பார்க்கலாம். செங்கல் வளைவுக்கு இரு புறமும் கனத்த சுவர் தேவை. கான்கிரீட் விட்டத்துக்குத் தேவையில்லை. அதனால்தான் 1930-களுக்குப் பிந்தைய முகப்புகளில் ஜன்னல்கள் நீளவாக்கில் படுத்திருக்கும், முந்தையவற்றில் ஒடுக்கமாக நின்றிருக்கும். ஆண்டு தெரியாத கட்டடத்தின் வயதைத் தோராயமாகக் கணிக்க இந்த ஒரு அடையாளமே பெரும்பாலும் போதும்.

பின்னால் ரிட்சி தெரு. ரேடியோ உதிரிப்பாகங்களில் தொடங்கி டிவி, கம்ப்யூட்டர், செல்போன் என்று ஒவ்வொரு அலையையும் பிடித்துக்கொண்ட தெரு. 10 அடிக்கு 8 அடிக் கடையில் எந்தச் சரக்கையும் மாற்றி வைக்கலாம் என்பதுதான் அதன் பலம்.

தியேட்டர்களின் கதை இதற்கு நேர் எதிர். அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் சின்னதாக ஒரு பழைய கூடம் இருக்கிறது. 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர். மவுன அசையும் படங்கள் ஓடிய இடம். 1915-லேயே அஞ்சல் துறை வாங்கிவிட்டது. இன்று தபால்தலை சேகரிப்போர் வந்துபோகும் இடம். இது பிழைத்ததற்குக் காரணம் அளவு. சரிவுத் தரை இல்லை, பால்கனி இல்லை, நாற்காலியை எடுத்தால் ஒரு பெரிய அறை. மேஜை போட்டால் அலுவலகம், கண்ணாடிப் பெட்டி வைத்தால் கண்காட்சி. வேலைநாளில் போய்த் தபால்தலை வாங்கும் சாக்கில் உள்ளே நின்று பாருங்கள். நகரத்தின் முதல் தலைமுறை சினிமா கொட்டகை எவ்வளவு சிறியது என்பது படத்தில் புரியாது.

1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான சென்னையின் முதல் தியேட்டர். அது இப்போது இல்லை. 1961-ல் வந்த சாந்தி இல்லை. 1962-ன் ஆனந்த் இல்லை. ஜெமினி பக்கம் 1964-ல் திறந்த சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு மூன்றும் இல்லை. புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரமும் உட்காரலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் பலர்.

இவை ஏன் வேறு தொழிலுக்கு மாறாமல் நேராக இடிபட்டன? ஆயிரம் பேர் அமரும் அரங்கத்தின் தரை திரையை நோக்கிச் சரியும். அதைக் கடைத் தளமாக்க வேண்டுமென்றால் மண் நிரப்பி மட்டப்படுத்த வேண்டும், அப்படிச் செய்தால் வாசல் உயரம் கெடும். தூணில்லாமல் 60, 70 அடி அகலத்துக்கு இரும்பு டிரஸ் கூரை தாங்கி நிற்கும், அதன் நடுவில் இன்னொரு மாடி போட முடியாது. ஜன்னலே கிடையாது, ஆகவே பகலிலும் விளக்கும் குளிர்சாதனமும் ஓட வேண்டும். பால்கனி வேறு. கணக்குப் போட்டுப் பார்க்கிற எந்த உரிமையாளருக்கும் நிலத்தின் மதிப்பு கட்டடத்தின் மதிப்பைவிடப் பல மடங்கு. சாந்தி 2016-ல் மூடி, வணிக வளாகத்துக்கு இடம் விட்டது.

1970-ல் திறந்த தேவி மட்டும் ஓடுகிறது. ஒரே அரங்கமாகக் கட்டாமல் தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என்று வெவ்வேறு அளவில் பிரித்தது அதன் புத்திசாலித்தனம். கூட்டம் இல்லாத படத்தைச் சின்ன அரங்குக்கு மாற்றிக்கொள்ளலாம். பாரடைஸுக்கு ஏற படிக்கட்டுக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம். படம் முடிந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இறங்கும்போது படியில் தடுக்கி விழும் ஆபத்து அதில் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் 1970-லேயே கிடைத்த வசதி. ஒரு டிக்கெட் எடுத்து ஏறிப் பாருங்கள்.

அண்ணா சிலை நிற்கும் சந்திப்புதான் பழைய ரவுண்டாணா. சிலை 1968-ல் வைத்தது, அண்ணா உயிரோடிருக்கும்போதே. வட்டம் போய் சிக்னலும் சுரங்கப் பாதையும் வந்தன. வட்டத்தைச் சுற்றி வளைந்து நிற்கும்படி கட்டிய மூலைக் கட்டடங்களுக்கு இப்போது முன்னே வட்டம் இல்லை, ஆனால் வளைவு அப்படியே இருக்கிறது. இன்று சாப்பாடு புகாரியில். 1951 முதல் இதே சாலையில் இருக்கிறது. சிக்கன் 65 இங்கே 1965-ல் பிறந்தது என்பது அவர்கள் கூற்று. பகல் 1 மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்: பாரத் கட்டடமும் ஒரு கூரை சாகும் விதமும்

இன்றைக்கு அதிக தூரம் நடக்கவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மூலையில் நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்துக்கே நேரம் சரியாக இருந்தது.

1897-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்துக் கடைக்காகக் கட்டியது. அப்போதைய பெயர் கார்டைல் கட்டடம். கூம்புக் கோபுரங்கள், வளைவு வளைவாக வராந்தா, நுண்ணிய செங்கல் வேலை. 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. ஆயுள் காப்பீடு 1956-ல் நாட்டுடைமையானதும் எல்.ஐ.சி.க்கு வந்து சேர்ந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது. தீர்ப்பு வந்தும் கட்டடம் நீண்ட காலம் மூடியே கிடந்தது. இடிப்பதைத் தடுக்கும் உத்தரவு மழையைத் தடுக்காது. பூட்டிய கட்டடத்துக்கு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமும் ஒரு இடிப்புதான்.

எப்படி என்பதைக் கூரையிலிருந்து சொன்னால்தான் விளங்கும். இந்தச் சாலையின் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரங்களுக்கு மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம். அதன் மேல் ஒரு அங்குலத் தடிமனான சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, அறையின் மூலையிலிருந்து மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே வருவார்கள். கீழே பலகை அடிக்கத் தேவையில்லை, ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அது இறுகியபின் 3 முதல் 4 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். தட்டும் கட்டை துள்ளி எழுந்தால் தளம் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். கடைசியில் தட்டை ஓடு இரண்டு அடுக்கு. நீர் வழிய 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் சரிவு.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் சாதாரணமாக நிற்கும். கெடுவது பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கிறது. முதலில் மழைநீர்க் குழாயின் வாய் அடைபடும்: சருகு, புறா எச்சம், உடைந்த ஓட்டுச் சில்லு. தண்ணீர் கைப்பிடிச் சுவரோரம் தேங்கும். அங்கே சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் நுனி ஈரம் குடிக்கும். சுவருக்குள் காற்றோட்டம் இல்லாததால் அந்த நுனி காயவே காயாது. வெளியே தெரியும் மரம் கல்லாக இருக்கும்போதே உள்ளே 6 அங்குலம் இற்றுப்போயிருக்கும், கரையானும் வரும். கீழே நின்று பார்ப்பவருக்கு முதல் அறிகுறி உத்திரத்தில் இல்லை, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பழுப்புக் கோடாகத்தான் தெரியும்.

அப்போதுதான் பெரிய தவறு நடக்கும். ஒழுகலை நிறுத்த மொட்டைமாடி முழுக்க 2 அங்குலம் சிமென்ட் தளம் போடுவார்கள். அது சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. ஆயிரம் சதுர அடிக் கூடத்தின் மேல் 11 டன். ஏற்கெனவே நுனி இற்ற சட்டம் அதைத் தாங்க வேண்டும். அதோடு சிமென்ட் ஈரத்தை மேலே விடாது, உள்ளே போன ஈரம் மரத்தில்தான் தங்கும். வெயிலில் சிமென்ட் ஒரு விதமாகவும் சுண்ணாம்பு ஒரு விதமாகவும் விரிவதால் இரண்டே மூன்று கோடையில் விரிசல் விட்டு, பழைய ஒழுகல் புதிய எடையோடு திரும்பி வரும்.

அரச மரக் கன்று இன்னொரு தொல்லை. பறவை எச்சத்தில் விழும் விதை சாந்துப் பிளவில் முளைக்கும். மேலே வெட்டிவிட்டால் வேர் இன்னும் தடிக்கும். பிடித்து இழுத்தால் செங்கல்லோடு வரும். செய்ய வேண்டியது: தண்டை அடியோடு அறுத்து, வெட்டுவாயில் உடனே வேர்க்கொல்லி மருந்து தடவி, காயும்வரை விட்டு, பிறகு சுற்றியுள்ள செங்கற்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வேரை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தாலேயே திரும்ப அடைப்பது.

பழுதுபார்க்க வரும்போதும் முறை உண்டு. முதலில் குழாயும் செடியும். அடுத்து மேலே ஏற்றிய சிமென்ட்டைக் கையுளியால் எடுப்பது. அதிரும் இயந்திரம் வைத்தால் பழைய ஒட்டுக்கல் கழன்று விழும். பிறகு ஒவ்வொரு சட்ட நுனியையும் தட்டியும் குத்தூசியால் குத்தியும் பார்த்து, இற்ற பகுதியை மட்டும் வெட்டி, புதுத் தேக்கை இரும்புத் தகடும் போல்ட்டும் வைத்து இணைப்பது, சுவரில் நுனியைச் சுற்றி அரை அங்குலமாவது காற்றிடம் விடுவது. அதன் பின்பே சுண்ணாம்புத் தளம். வரிசையை மாற்றிச் செய்த வேலைக்குச் செலவழித்த பணம் அடுத்த மழையில் போய்விடும்.

சுவருக்கும் இதே விதி. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். அதன் மேல் சிமென்ட் பூச்சு அடித்தால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே வர முடியாமல் உப்பாகப் பூத்து, இடுப்பளவு உயரத்தில் பூச்சு உப்பி உதிரும். சாலையோரம் நடந்தாலே பத்துக் கடையில் நான்கில் இதைக் காணலாம். சாலை மட்டம் உயர்வதும் சேர்ந்துகொள்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டால் ஒரு தடவைக்கு 4, 5 சென்டிமீட்டர். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன கடைக்கு இப்போது படி இறங்க வேண்டியிருக்கிறது. பழைய வாசற்படிக் கல் நடைபாதைக்குள் எவ்வளவு புதைந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

நான்காம் நாள்: எல்.ஐ.சி., ஹிக்கின்பாதம்ஸ், பி. ஆர் அண்ட் சன்ஸ்

எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது. தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தன்னுடைய யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காக. 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துவிட்டார். நாட்டுடைமை வந்து கட்டடம் எல்.ஐ.சி.யிடம் போனது, கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே முடித்தார். 1975-ல் பெரிய தீ. அதிலிருந்தும் மீண்டு இன்றும் அலுவலகமாகவே இருக்கிறது. சுற்றிலும் வேறு உயரக் கட்டடங்கள் வந்துவிட்டதால் அதன் உயரம் இப்போது உறைக்காது. நேர் எதிரே நிற்காமல் 200 மீட்டர் தள்ளி நின்று, பக்கத்து இரண்டு மாடிக் கடைகளோடு சேர்த்துப் பார்த்தால் 1959-ல் அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்பது தெரியும்.

ஹிக்கின்பாதம்ஸ் தொடங்கியது 1844. இப்போதுள்ள கட்டடம் 1904. புத்தகம் விற்பதற்கென்றே கட்டி, இன்றுவரை புத்தகமே விற்கும் கட்டடம் இந்தச் சாலையில் இது ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் புத்தகத்தைப் பார்க்காமல் முதலில் மேலே பாருங்கள். உயரக் கூரை, மேல் ஜன்னல்கள், வண்ணக் கண்ணாடி. கீழே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. வெப்பக் காற்று மேலேறி மேல் ஜன்னல் வழியே போக, கீழே புத்தகம் காய்ந்தே இருக்கும். கடலோர ஊரில் காகிதம் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்க இதுவே வழி. இந்த வகைக் கூடங்களுக்கு ஏ.சி. போடுபவர்கள் செலவைக் குறைக்கப் பொய்க்கூரை கட்டுவது வழக்கம். அதற்கு மேலே அடைபட்ட இடத்தில் ஈரம் தங்கும், மரம் கெடுவதும் கண்ணுக்குத் தெரியாது. உயரத்தை மறைக்காமல் குளிரூட்டினால் மின்கட்டணம் கூடும், கூரை பிழைக்கும். அந்தச் செலவு நியாயமான செலவு.

பி. ஆர் அண்ட் சன்ஸ் 1849-ல் தொடங்கிய கடிகாரக் கடை. மணிக்கூண்டு வைத்த கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் சிஷோம், 1870-களில். கடிகாரம் மட்டுமல்லாமல் நில அளவைக் கருவிகள், வெள்ளிச் சாமான்களும் செய்தார்கள். சாமி உருவங்கள் பொறித்த அந்த வெள்ளி வேலை 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது. மெட்ரோ வேலைக்காகப் பின்பக்கத்தில் ஒரு பகுதி இடிபட்டது. முகப்பும் கோபுரமும் நிற்கின்றன, கடிகாரமும் விற்கிறார்கள்.

கை மாறினாலும் தொழில் மாறாதவை இவை. ஹிக்கின்பாதம்ஸ் அமால்கமேஷன்ஸிடம் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன, அலமாரிகள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தை. சாலைக்குக் கீழே களிமண், மணல், பாறை கலந்து வருவதால் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரே அழுத்தத்தில் போக முடியாது. 2017 ஏப்ரல் 9 அன்று சர்ச் பார்க் பள்ளிப் பக்கம் தளர்ந்த மண் சரிந்து ஒரு பஸ்ஸும் காரும் சாலைக்குள் இறங்கின. உயிர்ச்சேதம் இல்லை. 2019 பிப்ரவரியில் இந்தப் பகுதி ரயிலுக்குத் திறந்தது. பக்கத்தில் பழைய கட்டடம் வைத்திருப்பவர்கள் இப்போதும் செய்யக்கூடிய எளிய காரியம்: சுவர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்தில் ஒட்டி, தேதி எழுதி வைப்பது. விரிசல் பழையது, அசையாதது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். உடைந்தால் சுவர் நகர்கிறது. பூசி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

ஐந்தாம் நாள்: ஸ்பென்சர்

1863-ல் தொடங்கிய வியாபாரம். 1882-ல் யூஜின் ஓக்ஷாட் கைக்கு வந்தபின் பெரிதானது. 1895-ல் மவுண்ட் ரோட்டில் டபிள்யூ. என். போக்சன் வரைந்த செங்கல் மாளிகை திறந்தது. உள்ளே 80-க்கும் மேற்பட்ட பிரிவுகள். திண்டுக்கல் புகையிலையில் சுருட்டு செய்து உலகத்துக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளும் அவர்களுடையவை, பக்கத்து கன்னிமரா ஓட்டலும் அவர்களிடம் வந்தது. பழைய மாளிகை 1980-களின் தொடக்கத்தில் தீயில் போனது. மரத் தளமும் மரப் படியும் உள்ள பழைய பேரங்காடியில் தீ பிடித்தால் படிக்கட்டுக் கிணறு புகைபோக்கி ஆகிவிடும், மாடிக்கு மாடி நொடியில் ஏறும். இன்றும் மரப்படி உள்ள கட்டடங்களில் படிக்கட்டைச் சுற்றிக் கதவு போட்டு அடைப்பதும், படிக்கடியில் அட்டைப் பெட்டி அடுக்காமல் இருப்பதும் முதல் பாதுகாப்பு.

அதே இடத்தில் 1991-ல் ஸ்பென்சர் பிளாசாவின் முதல் பகுதி. சிவப்பு நிறத்திலும் முகப்பின் வளைவுகளிலும் பழையதைத் தொட்டுக்கொள்ள முயன்றிருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கே மால் என்றால் என்ன என்று காட்டிய கட்டடம். கேசட், சிடி, தோல்பை, காஷ்மீர் சால்வை என்று ஒரு காலத்தில் நடக்க இடமிருக்காது. 2010-ல் பழைய மெட்ராஸ் கிளப் இருந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்ததும் கூட்டம் அங்கே நகர்ந்தது.

ஆனால் கூட்டம் போனது மட்டும் காரணமாகாது. புதிய மால்களில் ஒரே உரிமையாளர், கடைகள் வாடகைக்கு. எந்தத் தளத்தில் எந்தக் கடை என்பதை அவர் முடிவு செய்வார், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார். இங்கே கடைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. நகரும் படியை மாற்ற வேண்டும், ஏ.சி. குழாயைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் எல்லாரும் சேர்ந்து பணம் போட வேண்டும். ஒருவர் பூட்டிவிட்டு வெளியூர் போயிருப்பார், ஒருவர் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பார். பூட்டிய ஷட்டர் பக்கத்துக் கடையின் வியாபாரத்தையும் சாப்பிடும். முப்பது வருடக் கான்கிரீட் கட்டடம் நூற்றிருபது வருடச் சுண்ணாம்புக் கட்டடத்தைவிட வயதானதாகத் தெரிவது இதனால்தான்.

உள்ளே போய் ஒவ்வொரு தளமாக ஏறுங்கள். கீழ்த்தளத்தில் புழக்கம் இருக்கும், ஏற ஏறக் குறையும். எந்தத் தளத்தில் விளக்கு பாதி அணைந்திருக்கிறது, எங்கே கூரைப் பலகையில் நீர்க்கறை இருக்கிறது என்று கவனியுங்கள். கறைக்கு நேர் மேலே உள்ள கடை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாடிகளை அலுவலகங்களுக்கு விட்டிருக்கும் பகுதிகளில் நிலைமை மேல், காலையிலிருந்து மாலை வரை ஆள் இருப்பதால் ஒழுகினால் அன்றே புகார் போகிறது.

திரும்ப, எல்.ஐ.சி. நிலையம் ஆயிரம் விளக்கைவிடப் பக்கம். நடக்கத் தெம்பிருந்தால் ஆயிரம் விளக்கு மசூதி வரை போய் மெட்ரோ ஏறலாம். ஜெமினி மேம்பாலத்தை அடுத்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் பக்கம் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், காவலர்கள் அனுமதிப்பதில்லை.